டாக்டர், நர்ஸ், பிசியோ, பார்மசிஸ்ட்: சேர்ந்து ஆய்வு செய்யக் கற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆராய்ச்சி முறை பற்றி இரண்டு நாள் வொர்க்‌ஷாப், கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ. எல்லாக் கல்லூரியிலும் இது நடக்கிறது. மூன்று மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், வந்தவர்களில் ஒருவர்கூட ஒரு பக்கம் எழுதியிருக்கமாட்டார்.

நான் குமரி மாவட்டத்தில், களியக்காவிளை எல்லைக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு நர்சிங் கல்லூரியில் சமுதாயச் செவிலியம் சொல்லிக்கொடுப்பவள். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி ஆசிரியர்களைச் சேர்த்து மூன்று முறை ஆய்வுக் குழு நடத்தியிருக்கிறேன். முதல் குழு பாதியில் உடைந்தது. அடுத்த இரண்டும் கரை சேர்ந்தன. ஆட்களின் திறமையில் பெரிய வேறுபாடு கிடையாது, வேலைகளைச் செய்த வரிசைதான் மாறியது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

புரிவதற்காக ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்: சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, அவர்கள் காலைக் கவனித்துக்கொள்கிறார்களா என்ற சின்ன ஆய்வு.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் நேரம். வாரம் ஒரு மணி நேரம், நிலையான கிழமை, டூட்டி ரோஸ்டரில் எழுத்தாக ஏறியிருக்கவேண்டும். "ஃப்ரீயாக இருக்கும்போது கூடலாம்" என்று விட்டால் வார்டு வேலை உள்ள நர்சிங் ஆசிரியரும் ஓபி உள்ள டாக்டரும் ஒரே நேரத்தில் ஃப்ரீயாக இருக்கும் நாள் வரவே வராது. கல்லூரி முதல்வரிடம் கேட்கவேண்டிய ஒரே பெரிய உதவி இதுதான். பணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒரு ஆய்வையாவது தொடக்கம் முதல் வெளியீடு வரை முடித்த ஒருவர். பேராசிரியராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புள்ளியியல் தெரிந்த ஒருவரும் வேண்டும். அவரை முதல் மாதத்திலேயே ஒருமுறை உட்காரவையுங்கள். தகவல் எல்லாம் சேர்ந்தபின் அவரிடம் போனால், கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். அவராலும் ஒன்றும் செய்யமுடியாது.

அடிப்படை தெரியாதவர்களுக்குச் சென்னை ஐசிஎம்ஆர் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல் என்ற இணையத் தளம் வழியாக நடத்தும், ஆராய்ச்சி முறை பற்றிய ஆன்லைன் பாடம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) அதைக் கட்டாயமாக்கியதால் டாக்டர்கள் பலர் ஏற்கெனவே முடித்திருப்பார்கள். மற்றவர்களும் அதன் பாடங்களைப் பார்த்துவிட்டு வந்தால் எல்லோரும் ஒரே சொற்களில் பேசலாம். ஆனால் பாடம் முடியட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கவேண்டாம். தேவை வரும்போது படித்தது மனதில் நிற்கும், சும்மா படித்தது நிற்காது.

2. ஆட்கள்: ஐந்துக்குக் குறையாமல், எட்டுக்கு மிஞ்சாமல்

சர்க்குலர் போட்டு ஆள் சேர்க்காதீர்கள். துறைக்கு ஒருவரை அனுப்பச் சொன்னால், துறையில் யாருக்கு வேலை குறைவோ அவர் வந்து சேருவார். நேரில் போய்க் கேளுங்கள். பாதப் புண் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு வார்டு சிஸ்டர், ஆர்வம் மட்டும் உள்ள மூன்று பேருக்குச் சமம்.

ஒரு துறைக்கு இருவர் இருந்தால் நல்லது. தனியாக வந்த ஒரே பார்மசிஸ்ட் மூன்றாவது கூட்டத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்தில் தன் துறைக்காரர் ஒருவர் இருந்தால் தைரியமாகப் பேசுவார். ஒருவர் மாறுதலாகிப் போனாலும் துறை விட்டுப்போகாது.

3. முதல் இரண்டு கூட்டம்: ஆய்வைப் பற்றிப் பேசவேண்டாம்

எங்கள் முதல் குழு உடைந்தது இங்கேதான். முதல் கூட்டத்திலேயே மூத்த டாக்டர் ஒருவர் தலைப்போடு வந்தார். "சிஸ்டர், உங்கள் ஸ்டூடன்ட்ஸை வைத்து ஒரு முன்னூறு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், அது போதும்" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவர் பழகிய முறை அது. ஆனால் அந்த நிமிடமே நர்சிங்காரர்கள் ஃபார்ம் நிரப்புகிறவர்களாகவும் பிசியோக்காரர்கள் பார்வையாளர்களாகவும் ஆகிவிட்டார்கள்.

ஆகவே முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தாம் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லட்டும். பெயர், ஊர் வேண்டாம். பணியில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பேராசிரியர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் சொன்னதைத்தான் வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் சொற்களைச் சரிபாருங்கள். "கம்ப்ளையன்ஸ் இல்லை" என்று எல்லோரும் சொல்வோம். டாக்டருக்கு அது ரத்தச் சர்க்கரை இறங்காதது. பார்மசிஸ்டுக்கு மாத்திரை அட்டையில் மிச்சம் இருப்பது. பிசியோவுக்கு வீட்டில் பயிற்சி செய்யாதது. எங்களுக்கோ அடுத்த தேதிக்கு வராதது. ஒரே சொல்லில் நான்கு பொருளை வைத்துக்கொண்டு கேள்வித்தாள் எழுதினால், பதிலும் நான்காகப் பிரிந்து கிடக்கும். இப்படி மாட்டும் சொற்களை ஒரு தாளில் எழுதி, இந்த ஆய்வுக்கு இதுதான் பொருள் என்று முடிவுசெய்து ஒட்டிவையுங்கள். எங்களுக்குப் பதினேழு சொல் வந்தது.

4. கேள்வியைச் சுருக்குங்கள், இன்னும் சுருக்குங்கள்

புதியவர்கள் எல்லோரும் பெரிதாகத்தான் தொடங்குவார்கள். "குமரி மாவட்டத்தில் சர்க்கரை நோயாளிகளின் வாழ்க்கைத் தரம்." இது சில மாதங்களில் முடியாது. "எங்கள் மருத்துவமனைச் சர்க்கரை ஓபிக்கு வரும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில், பாத உணர்ச்சி குறைந்தவர்கள் எத்தனை சதவீதம்? அவர்களில் தினம் காலைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?" இது முடியும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. யார், எங்கே, எதை அளக்கிறோம், எதனால் அளக்கிறோம் என்ற நான்குக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடிகிறதா? அப்புறம் இன்னொன்று: கேள்வியில் ஒவ்வொரு துறைக்கும் உண்மையான வேலை இருக்கிறதா? இல்லாத துறையை மரியாதைக்காக இழுத்துவைக்காதீர்கள். இந்தக் கேள்வியில் பார்மசிக்கு வேலை இல்லையென்றால் அடுத்த ஆய்வுக்கு அவர்களைக் கூப்பிடுவதே மரியாதை.

5. பெயர் வரிசை: தகவல் சேர்க்கும் முன்பே எழுதி வையுங்கள்

கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பது சங்கடமான பேச்சுதான். ஆனால் இப்போது அரை மணி நேரச் சங்கடம். கட்டுரை முடிந்தபின் பேசினால் வருடக்கணக்கான பகை.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்லும் நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்றியவரே ஆத்தர். ஆய்வின் திட்டத்திலோ தகவலைச் சேர்ப்பதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்கவேண்டும். எழுதுவதில் அல்லது கருத்துள்ள திருத்தத்தில் பங்கு இருக்கவேண்டும். கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தரவேண்டும். கட்டுரைக்குப் பொறுப்பும் ஏற்கவேண்டும். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் போடக்கூடாது. அதேபோல, தகவல் சேர்த்த நர்சிங் ஆசிரியருக்கு எழுதும் வாய்ப்பையே கொடுக்காமல், "அவர் எழுதவில்லையே" என்று நன்றியுரைக்குத் தள்ளுவதும் கூடாது. இரண்டாவது தவறுதான் எங்கள் பக்கம் அதிகம் நடக்கிறது.

யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பதிய கிரெடிட் என்ற முறை இருக்கிறது. அதில் பதினான்கு வகைப் பங்குகள் உண்டு. அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதவி உயர்வுக்கு எத்தனையாவது பெயர் கணக்கில் வரும் என்பது அந்தந்தத் துறையை ஒழுங்குபடுத்தும் ஒவ்வொரு கவுன்சிலிலும் வேறு, விதியும் மாறிக்கொண்டிருக்கும். அன்றைய விதியை எல்லோரும் மேசைமேல் வைத்துவிட்டு, யாருக்கு இது எதற்குத் தேவை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் பிரச்சினை.

தகவல் யாருடையது, யார் அதிலிருந்து தனியாகக் கட்டுரை எழுதலாம் என்பதையும் அதே தாளில் சேருங்கள்.

6. புரோட்டோகால்: சாம்பிள் சைஸில் பயப்பட ஒன்றும் இல்லை

புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டத்தை, ஆளுக்கு ஒரு பகுதி பிரித்து எழுதுங்கள். ஆனால் பிசியோ எழுதியதை நர்ஸும், நர்ஸ் எழுதியதை டாக்டரும் திருத்தட்டும். வேறு துறைக்காரருக்குப் புரியாத வரி, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் புரியாது.

சாம்பிள் சைஸ் என்பது எத்தனை பேரைப் பார்க்கவேண்டும் என்பது. ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்குப் பழகிய கணக்கு, நான்கு பெருக்கல் பி பெருக்கல் கியூ, வகுத்தல் டி வர்க்கம். பி என்பது நாம் எதிர்பார்க்கும் சதவீதம், கியூ என்பது நூறிலிருந்து அதைக் கழித்தது, டி என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. பாத உணர்ச்சி குறைந்தவர்கள் 30 சதவீதம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம், பிழை 5. கணக்கு 4×30×70÷25, அதாவது 336 பேர். பத்து சதவீதம் பேர் பாதியில் போவார்கள் என்றால் 336-ஐ 0.9-ஆல் வகுத்து 374 பேர். பிழை 10 போதும் என்றால் 84 பேரே போதும்.

இந்தக் கணக்கைக் குழுவில் எல்லோரும் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். "ஏன் 374?" என்று பரிசோதகர் கேட்டால் எல்லோரும் ஸ்டேட்டிஸ்டிசியன் முகத்தைப் பார்க்கக்கூடாது. எதிர்பார்க்கும் சதவீதத்தை எந்த முந்தைய ஆய்விலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதவேண்டும். கற்பனையாகப் போட்டால் கமிட்டியில் மாட்டுவீர்கள்.

இன்னொன்று, அட்டவணைகளை இப்போதே வெறுமையாக வரைந்துவிடுங்கள். எண் இல்லாமல் தலைப்பும் கட்டமும் மட்டும். எந்தக் கட்டத்துக்கும் போகாத கேள்வியைக் கேள்வித்தாளிலிருந்து அடித்துவிடலாம். எங்கள் நாற்பத்திரண்டு கேள்வி இருபத்தாறானது இப்படித்தான்.

7. எத்திக்ஸ் கமிட்டி

கமிட்டி கூடும் தேதியை முதல் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாள் குறியுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று சொல்லமுடியாது. உங்கள் கமிட்டி மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா என்றும் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டிக்கு அந்தப் பதிவு தேவை.

இரண்டு கல்லூரி சேர்ந்தால் இரண்டு கமிட்டியிடமும் பேசவேண்டியிருக்கும். எல்லைக்கு அப்பால் கேரளக் கல்லூரி ஒன்றைச் சேர்த்தாலும் அப்படியே. முதல் ஆய்வுக்கு ஒரே வளாகம் போதும் என்பது என் கருத்து.

பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் என்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு கட்டாயம் இல்லை. நீங்கள் ஒரு பயிற்சியோ மருந்தோ கொடுத்து விளைவைப் பார்ப்பதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்துவிடவேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதியிட்ட பதிவுக்கு வழியில்லை. "முடித்துவிட்டுப் பதியலாம்" என்று இருந்தவர்களின் உழைப்பு வீணாய்ப் போனதைக் கண்டிருக்கிறேன்.

8. ஃபார்மின் மொழி: எல்லை ஊரில் இதற்கு மட்டும் ஒரு மாதம்

வெளியூர்ப் புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடும். எங்களுக்கு அது போதாது.

விளவங்கோடு பக்கத்தில் தமிழ் பேசி மலையாளம் வாசிப்பவர்கள் உண்டு. மலையாளம் பேசித் தமிழ் மட்டும் வாசிப்பவர்களும் உண்டு. எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்து வருபவருக்கு மலையாள ஃபார்ம் வேண்டும். இதில் ஒரே ஒலியுள்ள சொற்கள்தான் வம்பு. தமிழில் சர்க்கரை என்றால் நமக்குத் தெரியும். மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம், சீனிக்கு பஞ்சசார. "தினமும் சர்க்கரை சேர்த்துக்கொள்வீர்களா" என்று எங்கள் மாணவி கேட்டாள். ஒரு அம்மா, "இல்ல மோளே, பாயசத்துக்கு மட்டும்தான்" என்றார். டீயில் மூன்று ஸ்பூன் சீனி போடுபவர் அவர்! ஃபார்மில் "இல்லை" என்று டிக் விழுந்துவிட்டது.

வெள்ளமும் அப்படித்தான். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அது குடிக்கிற தண்ணீர், புத்தகத் தமிழில் பெருக்கு. "வெள்ளத்தில் நின்று வேலை செய்வதுண்டா" என்ற கேள்வியைத் திருத்தித்தான் எழுதினோம்.

வரிசை இது. முதலில் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவரட்டும். இரண்டையும் குழு ஒப்பிட்டுத் திருத்தட்டும். அதோடு நிறுத்தாமல், ஐந்தாறு நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி, "இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சர்க்கரையும் வெள்ளமும் பிடிபட்டது இந்தக் கடைசிப் படியில்தான். மொழி தெரிந்த பேராசிரியர் இருவர் பார்த்தும் பிடிபடவில்லை.

சம்மதப் படிவத்தின் ஒரு நகலை நோயாளியிடம் கொடுக்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். வார்டு ஆயாவைச் சாட்சியாக நிறுத்துவது வசதிதான். ஆனால் அவரும் மருத்துவமனை ஆள், "வேண்டாம்" என்று சொல்ல நோயாளி கூச்சப்படுவார்.

9. ஒரே கையாக அளக்கப் பழகுவது

துறைகள் உண்மையிலேயே ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ளும் இடம் இது. அவசரப்படாதீர்கள்.

பாத உணர்ச்சிக்குப் பத்து கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை அழுத்துவோம். இழை வளையும்வரை அழுத்தவேண்டும், தடவக்கூடாது. முதலில் கையிலோ நெற்றியிலோ தொட்டுக்காட்டி, எப்படி இருக்கும் என்று நோயாளிக்குத் தெரியவைக்கவேண்டும். பிறகு அவர் பாதத்தைப் பார்க்காதபடி செய்யவேண்டும். இந்தப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், வெறுங்காலோடு நடப்பவர்கள் அதிகம். காய்ப்பு ஏறிய இடத்தில் அழுத்தினால் நல்ல காலும் உணர்ச்சி இல்லாததாகத் தெரியும். காய்ப்பை விட்டுப் பக்கத்தில் அழுத்துங்கள். இதை எங்களுக்குச் சொன்னவர் பிசியோ ஆசிரியர், டாக்டர்கள் இல்லை.

இழைக்கும் ஓய்வு வேண்டும். பத்துப் பேரைப் பார்த்தபின் அன்றைக்கு அதை வைத்துவிட்டு வேறு இழை எடுக்கவேண்டும். விறைப்பு குறைந்த இழை மெதுவாக அழுத்தும், கணக்கு தப்பும். ஒரே இழையை வைத்து 374 பேரையும் பார்க்கத் திட்டமிட்டிருந்தோம். நல்லவேளை, பயிற்சியின்போதே தெரிந்தது.

பயிற்சி இப்படி. இரண்டு பேர், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், அதே நாற்பது கால்களைப் பார்க்கட்டும். இருவரும் "சரியாக இருக்கிறது" என்றவை 28, இருவரும் "குறைவு" என்றவை 6, முரண்பட்டவை 6 என்று வைத்துக்கொள்வோம். 34 ஒத்துப்போனது, 85 சதவீதம், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான கால்கள் நன்றாக இருப்பதால் தற்செயலாகவே நிறைய ஒத்துப்போகும். அதைக் கழித்துப் பார்க்கும் கப்பா என்ற எண் இங்கே ஏறத்தாழ 0.57 மட்டுமே. பலர் 0.6-க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். ஆக இன்னொரு சுற்றுப் பயிற்சி தேவை.

முரண்பட்ட ஆறு கால்களையும் இருவரும் சேர்ந்து மறுபடி பாருங்கள். "யார் சரி" என்று போகாதீர்கள். "எங்கே அழுத்தினீர்கள்" என்று கேளுங்கள். ஒரு உதவிப் பேராசிரியர், தன் பக்கத்தில் நின்ற நர்சிங் டியூட்டரிடம், "சிஸ்டர், நீங்கள் அழுத்துகிற மாதிரி இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்டார். குழு குழுவாக ஆனது அன்றைக்குத்தான்.

10. தகவல் சேர்ப்பு

பருவத்தைப் பாருங்கள். மழையில் ரப்பர் வெட்டு நிற்கும், தோட்டத் தொழிலாளிகள் ஓபிக்கு வருவார்கள். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அப்போது விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். ஒரே இரண்டு மாதத்தில் சேர்த்து முடித்தால் யாரோ ஒரு கூட்டம் கூடுதலாக விழும். ஓணத்துக்கு இந்த மாவட்டத்திலும் விடுமுறை, ஓபி காலியாகக் கிடக்கும்.

யாரையும் கண்ணால் பொறுக்காதீர்கள். டோக்கன் எண்ணில் மூன்றாவது ஆள், ஆறாவது ஆள் என்று முறை வையுங்கள். விட்டால் மாணவர்கள் சிரித்த முகமாக இருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றன்றைய ஃபார்மை அன்றே ஒருவர் சரிபார்க்கவேண்டும். விட்டுப்போன கட்டத்தை நிரப்ப நோயாளி ஓபி வாசலில் இருக்கும்வரைதான் நேரம். பெயரும் எண்ணும் உள்ள பதிவேடு ஒரு பூட்டில், பதில்கள் இன்னொன்றில். வாட்சாப்பில் பாதத்தின் படம் அனுப்புவதை முதல் நாளே தடை செய்யுங்கள்.

11. அலசலும் எழுத்தும்

எக்செல் தாளைப் புள்ளியியல்காரர் கையில் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதே பெரிய தவறு. முன்பு வரைந்த வெறும் அட்டவணைகளைத் திரையில் போட்டு, எல்லோரும் உட்கார்ந்து நிரப்புங்கள். எண் வந்ததும் ஒவ்வொரு துறையும் ஒரு வாக்கியம் சொல்லட்டும். உணர்ச்சி குறைந்தவர்களில் பலர் காலைப் பார்ப்பதில்லை என்று வந்தால், டாக்டர் "அறிவுரை போதவில்லை" என்பார். பிசியோ "குனிய முடியவில்லை, இடுப்பு வலி" என்பார். நான் "வீட்டில் வெளிச்சம் இல்லை" என்பேன். விவாதப் பகுதியின் பாதி அந்த மேசையிலேயே எழுதப்பட்டுவிடும்.

எழுதும்போது ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது போன்ற ஆய்வில் எதையெல்லாம் சொல்லவேண்டும் என்பது அதில் இருக்கிறது. முதல் வரைவை ஒருவரே எழுதட்டும். எட்டுப் பேர் எழுதிய வரைவு எட்டுக் குரலில் கேட்கும். திருத்தத்துக்கு ஆளுக்கு ஒரு வாரம், அதற்குமேல் இல்லை. திருத்தம் அனுப்பாதவருக்கு, ஐந்தாம் படியில் அவர் கையெழுத்திட்ட தாளைக் காட்டலாம்.

பணம் கேட்டு உடனே வெளியிடுவதாக மெயில் அனுப்பும் இதழ்களைத் தொடாதீர்கள். உங்கள் கவுன்சில் ஏற்கும் இதழ்ப் பட்டியலில் அந்த இதழ் இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டால் பத்து நிமிட வேலை.

12. இரண்டாவது ஆய்வு

முதல் ஆய்வை நடத்தியவர் இரண்டாவதை நடத்தக்கூடாது. முதலில் டாக்டர் என்றால் அடுத்து பார்மசிஸ்டோ பிசியோவோ. ஒரு துறை தலைமை ஏற்றுப் பார்க்காதவரை, எத்திக்ஸ் கமிட்டி முன் நின்று பதில் சொல்லப் பழகாது.

சொற்பட்டியல், பெயர் வரிசைத் தாள், மொழிபெயர்த்த சம்மதப் படிவம், வெறும் அட்டவணைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கள் மூன்றாவது குழுவுக்கு அது இரண்டு மாத வேலையை மிச்சப்படுத்தியது. கட்டுரையை அனுப்பிய அன்றே அடுத்த முதல் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள், காலண்டரில் ஓண விடுமுறையைப் பார்த்துவிட்டு.